விரியலாக்கியின் விளைவுவழியிற் பழுது காணும் முறை

கருவி ஒன்று பழுதுற்றவிடத்து, அப்பழுது யாண்டுளது என்று ஆராய்வதற்கு முன்னரே, எதனை விலைக்கு வாங்கி மாற்றலாம் என்று எண்ணத் தலைப்படுதல் மக்கள் இயல்பு. நோயையும் அதன் முதலையும் அறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்னும் வள்ளுவப் பெருந்தகையின் கருத்தினை வகுப்பறையிற் பன்முறை விரித்துரைத்துள்ளோம். உரைத்த யாமே அதனை மறந்தொழுகி மாணவர் பணத்தை வீணாக்கிய வரலாறு ஒன்றுண்டு. அதனை மறையாது கூறுதல் பின்வருவோர்க்குப் பயன்படும் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதலானோம்.

இலண்டனில் வாழும் பழைய மாணவர் ஒருவர் எம் கல்லூரி இசை மன்றத்துக்குக் கிற்றார் வாத்தியத்துக்குரிய விரியலாக்கி ஒன்றை அன்பளித்திருந்தார். பாடநூல்கள் விரியலாக்கி எனக் கூறும் இதனை மாணவர் ‘அம்பிளிபையர்’ என்றே வழங்குவர். அது திரான்சிற்றராலன்றி, பழைய வானொலிப் பெட்டிகளைப் போல வெற்றிடக்குழாய்களால் இயங்குவது. மன்றத்தின் பொறுப்பாசிரியர் என்ற முறையில் அதன் காவல் எம்மிடம் இருந்தது. 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பரிசளிப்பு விழாவுக்கு இரு கிழமை இருக்கையில், ஒத்திகையின் நடுவே அதன் ஒலி திடீரெனத் தாழ்ந்து முனகலாயிற்று. தட்டினால் ஒரு கணம் உரத்து ஒலிக்கும், மீண்டும் தாழும்.

“குழாய்கள் தேய்ந்துவிட்டன” என்று யாமே தீர்ப்புக் கூறினோம். அவ்வாண்டிலே அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியிருந்தது. வெற்றிடக்குழாய் செய்யும் தொழிற்சாலைகளோ உலகிற் சிலவே. அவற்றுள் உருசியாவிலுள்ளவற்றின் ஏற்றுமதி தடைப்படும் என்ற செய்தி அவ்வாண்டு பங்குனியில் வெளிவந்து விலையை மேலும் ஏற்றியிருந்தது. எனினும் மாணவர் தம் கைச்செலவுப் பணத்தை ஒன்றுசேர்த்தனர். கொழும்பிலிருந்து நான்கு புதுக்குழாய்கள் வந்தன. மாற்றினோம். முனகல் முனகலாகவே இருந்தது.

விடுமுறையில் ஊர் வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், கப்பலில் மின்தொழில் புரிபவர், தற்செயலாக மண்டபத்துள் நுழைந்தார். நிலைமையைக் கேட்டார். இரு முனையிலும் செருகி பொருத்திய, ஒரு சாண் நீளமுள்ள வடமொன்றை எடுத்தார். பெட்டியின் பின்புறத்தே அடுத்தடுத்து இருந்த இரண்டு குதைகளை அதனால் இணைத்தார். அக்கணமே ஒலி மண்டபத்தை நிறைத்தது. அவர் அங்கே செய்தது யாது, அதனால் அறியப்பட்டது யாது என்பவற்றை அவரிடம் கேட்டறிந்தவாறும், அதன்பின் நூல்களிலும் செய்கையிலும் கற்றவாறும் ஈண்டு விளக்குவாம்.

ஒலி செல்லும் வழி

கிற்றாரின் உருக்குக் கம்பி அதிரும்போது, அதன்கீழுள்ள காந்தத்தைச் சூழ்ந்த கம்பிச்சுருளில் மெல்லிய மின்னழுத்தம் ஒன்று தோன்றுகின்றது. அது பெரும்பாலும் ஓர் உவோற்றிலும் குறைந்தது. ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பை அசைத்து ஒரு மண்டபத்தை ஒலியால் நிரப்புதற்கு இது சிறிதும் போதாது. ஆகவே அம்மெல்லிய அலையை அதன் வடிவங் குன்றாது வலியதாக்குதற்கு விரியலாக்கி வேண்டப்படுகின்றது.

இவ்வேலையைச் செய்யுங் குழாயின் பிறப்பு 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. 1904 இல் இங்கிலாந்தில் யோன் அம்புரோசு பிளெமிங் என்பார் காற்றகற்றிய கண்ணாடிக் குமிழுள் இரு மின்வாய்களை அமைத்து இருவாயியை ஆக்கினார். 1906 இல் அமெரிக்கரான லீ டி பொறெசுற்று என்பார் அவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதொரு மின்வாயைப் புகுத்தினார். சூடேறிய கதோட்டிலிருந்து அனோட்டை நோக்கி இலத்திரன்கள் விரைகின்றன. நடுவே நிற்கும் கம்பிவலைக்கு அளிக்கப்படும் சிறு அழுத்தம் அப்பெருக்கைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. சிறிய மடைப்பலகையைச் சற்றே உயர்த்தி வாய்க்கால் நீரை ஆளும் உழவன் செயல் போல்வது இது. கிற்றார் விரியலாக்கிகளில் இன்று பெரிதும் வழங்கும் 12 ஏஎக்ஸ் 7 என்னும் சிறு குழாய், ஒரே குமிழுள் இத்தகைய மூவாயிகள் இரண்டினைக் கொண்டது. ஐரோப்பாவில் அதனை ஈசிசி 83 என்பர். அதன் விரியற் காரணி 100 ஆகும்.

வானொலிப் பெட்டிகள் திரான்சிற்றருக்கு மாறியபின்னும் கிற்றார் வாசிப்போர் குழாயைக் கைவிடவில்லை. அளவுக்கு மீறி ஓட்டும்போது அது அலையின் முகடுகளை மெல்ல மழுக்குகின்றது. அம்மழுக்கத்தால் எழும் கரகரப்பு அவர்தஞ் செவிக்கு இனியது. 1962 இல் இலண்டனில் யிம் மார்சல் என்பார் தம் இசைக்கருவிக் கடையிலிருந்து, அமெரிக்கப் பெண்டர் நிறுவனத்தின் அமைப்பொன்றைத் தழுவி ஆக்கத்தொடங்கிய விரியலாக்கிகள் பெரும்புகழ் எய்தியதற்கும் இதுவே காரணம்.

விரியலாக்கி இரு பகுதியாக அமைந்தது. முன்னது முன்விரியலாக்கி. இது மெல்லிய அலையை வளர்த்து, அதற்குரிய தன்மையையும் கரகரப்பையும் ஊட்டுவது. பின்னது வலு விரியலாக்கி. இது அவ்வலைக்கு ஒலிபெருக்கியை இயக்கவல்ல வலுவை அளிப்பது.

விளைவுவழி எதற்கு?

எதிரொலி முதலிய சிறப்பு விளைவுகளைத் தரும் தனிக்கருவிகள் உள. அவற்றைக் கிற்றாருக்கும் விரியலாக்கிக்கும் நடுவே வைத்தல் எளிது. ஆயின் அங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. எதிரொலி முதலிற் சேர்ந்தால், மூல ஒலியும் அதன் எதிரொலிகள் யாவும் ஒருங்கே முன்விரியலாக்கியுட் புகுந்து ஒன்றோடொன்று குழம்பிக் கரகரக்கும். தொண்டை கட்டிய ஒருவர் மலையடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி தெளிவாகவே மீளும். ஆயின் கூவிய குரலும் மீண்ட குரல்களும் ஒரே தொண்டையுட் புகுந்து வருமாயின் யாது கேட்கும்? ஆதலின் கரகரப்பு முன்னும் எதிரொலி பின்னுமாக அமைதலே தக்கது.

இதன்பொருட்டு முன்விரியலாக்கிக்கும் வலு விரியலாக்கிக்கும் நடுவே வழியைத் திறந்து இரு குதைகளை வைத்தனர். ஒன்று அலையை வெளியே அனுப்புவது. அதன்மேல் ‘சென்ட்’ என்று எழுதியிருக்கும். மற்றையது விளைவுக்கருவியினூடாகச் சென்று மீளும் அலையை ஏற்பது. அதன்மேல் ‘றிற்றேண்’ என்று எழுதியிருக்கும். இவ்வமைப்பை ‘எபெக்ற்ஸ் லூப்’ என்பர். யாம் அதனை விளைவுவழி என்றும், குதைகளை முறையே அனுப்புகுதை, மீள்குதை என்றும் வழங்குவாம்.

இனி, விளைவுக்கருவி எதுவும் இணைக்கப்படாத காலத்தில் வழி அறுந்து கிடக்குமன்றோ? அவ்வாறு அறாதபடி பெரும்பாலும் மீள்குதையினுள்ளே மெல்லிய உலோக நாக்கு ஒன்று ஆளியாக அமைக்கப்பட்டிருக்கும். செருகி இல்லாதபோது அந்நாக்குக் குதையின் தொடுகையிற் படிந்து, அனுப்புகுதையிலிருந்து வரும் அலையை உள்ளேயே வலு விரியலாக்கிக்குக் கடத்தும். செருகி நுழைந்தால் நாக்கு விலகி உள்வழி அடைபடும்.

பழுதின் இரகசியம் இந்நாக்கிலேதான் உளது. விளைவுவழியை ஒருநாளும் பயன்படுத்தாதவருடைய கருவியிலும், ஒலி முழுவதும் அந்நாக்கினூடாகவே செல்கின்றது. ஆயின் செருகி நுழைந்து வெளிவராமையால் அந்நாக்கு ஒருபோதும் அசைவதில்லை. அசைவின்றேல் தேய்த்துத் துலக்குவாரும் இல்லை. நடவாத பாதையிற் புல் முளைக்கும். அவ்வாறே ஆண்டுக்கணக்கில் அசையாத தொடுகையிற் களிம்பும் தூசியும் படிகின்றன. கடற்காற்று வீசும் ஊர்களில் அது விரைவில் நிகழும். பின்னர் ஒலி தாழும், விட்டுவிட்டு ஒலிக்கும், பெட்டியைத் தட்டினால் மீளும். குழாய் தேய்ந்தாலும் ஏறத்தாழ இவ்வறிகுறிகளே தோன்றுமாதலின் எம்மனோர் ஏமாறுகின்றனர்.

ஆராயும் ஒழுங்கு

வழியை இரண்டாகப் பகுத்து, எப்பாதியிற் பழுதுளது என்று வினவி, அப்பாதியை மீண்டும் பகுத்தலே நெறி. பெட்டியைத் திறவாமலே பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் ஒலியளவுத் திருகியை முற்றாகத் தாழ்த்திய பின்னரே செருகியைச் செருகல் வேண்டும்.

முதலாவது: விளைவுவழியில் உள்ள கருவிகள், வடங்கள் யாவற்றையும் அகற்றிவிட்டுக் கிற்றாரை நேரே முன்குதையில் இணைக்க. குறை நீங்கினால் பழுது வெளியே உளது, விரியலாக்கியின்மேற் குற்றமில்லை. விளைவுவழியை இயக்கவும் நிறுத்தவும் தனி ஆளி உள்ள கருவியாயின், அது இயங்கும் நிலையில் உளதா என்பதனையும் பார்க்க.

இரண்டாவது: குறை நீங்காதாயின், நல்லதென்று தெரிந்த குறுவடம் ஒன்றால் அனுப்புகுதையையும் மீள்குதையையும் இணைக்க. ஒலி முழுமையாக மீளுமாயின் பழுது மீள்குதையின் நாக்கிலேயே. எம் பழைய மாணவர் செய்த சோதனை இதுவே. நாக்கினூடான உள்வழிக்குப் பதிலாக வடத்தினூடான வெளிவழி ஒன்றை அவர் அமைத்தார்.

மூன்றாவது: குறுவடத்தாலும் பயனில்லையாயின், கிற்றாரை மீள்குதையில் நேரே செருகி மீட்டுக. முன்விரியலாக்கியின் உதவி இன்மையால் ஒலி மெலிந்தே கேட்கும், அது பழுதன்று. மெலிந்தேனும் தெளிவாகக் கேட்டால், மீள்குதை முதல் ஒலிபெருக்கி வரையுள்ள பின்பாதி நன்று என்று கொள்க.

நான்காவது: கிற்றாரை மீண்டும் முன்குதையில் இணைத்து, அனுப்புகுதையிலிருந்து வேறொரு விரியலாக்கிக்கு வடம் கொண்டு செல்க. அங்கே நல்லொலி கேட்டால் முன்பாதி நன்று.

இனி முடிபு காண்டல் எளிது. மீள்குதையில் நன்றும் அனுப்புகுதையிற் குறையும் ஆயின், முன்விரியலாக்கியோ அலையை வெளியே அனுப்பும் படியோ பழுதுற்றது. அனுப்புகுதையில் நன்றும் மீள்குதையிற் குறையும் ஆயின், மீள் அலையை ஏற்கும் படியோ வலு விரியலாக்கியோ பழுதுற்றது. இரண்டும் நன்றாயிருந்தும் குறுவடத்தால் ஒலி மீளாதாயின், அக்குறுவடத்தையே ஐயுறுக. சோதிக்குங் கருவியைச் சோதியாது சோதனையை நம்புதல் கூடாது.

உட்பழுதுகள்

பழுது நாக்கிலே என்று தெளிந்தால் மருந்து எளிது. விரியலாக்கியை நிறுத்தி, மின்வடத்தையும் சுவரிலிருந்து கழற்றியபின், தொடுகை துலக்குதற்கென விற்கப்படும் நீர்மத்தைச் செருகியின்மேல் சிறிது தெளித்து, குதையுள் இருபது முறை செருகி எடுக்க. பெரும்பாலும் இது போதும். அரத்தாளால் தேய்த்தல் தவறு. தொடுகையின்மேற் பூசிய உலோகப்பூச்சு அதனால் அழியும். நாக்கின் வில்லிசைவே தளர்ந்திருந்தால் குதையை மாற்றுவித்தல் வேண்டும். அதுவரை குறுவடத்தை அவ்விடத்திலேயே விட்டுவைத்து வாசித்தலாற் கேடில்லை.

சில விரியலாக்கிகளில் விளைவுவழிக்கெனத் தனிக்குழாய் ஒன்று உண்டு. அதிலுள்ள மூவாயிகளில் ஒன்று அலையை அனுப்பும். மற்றையது மீண்ட அலையை ஏற்று வளர்க்கும். அனுப்பும் மூவாயி சில அமைப்புகளில் கதோட்டிலிருந்து அலையைத் தருவதாய் இருக்கும். ஆங்குக் கதோட்டுக்கும் அதனைச் சூடாக்கும் இழைக்கும் இடையே 100 உவோற்றுக்கு மேலும் அழுத்த வேறுபாடு நிற்பதுண்டாதலின், அக்குழாய் ஏனையவற்றினும் விரைவிற் கெடுதல் கூடும். அதனை அறிதற்குப் புதுக்குழாய் வாங்கவேண்டுவதில்லை. கருவியை நிறுத்தி, குழாய்கள் நன்கு குளிர்ந்தபின், அக்குழாயையும் அதே வகையினதாகிய வேறொரு குழாயையும் இடமாற்றுக. பழுதும் உடன் இடம்பெயர்ந்தால் குழாய் கெட்டது. பழுது பழைய இடத்திலேயே நின்றால் குழாய் நன்று; அதனைச் சூழ்ந்த சுற்றுக் கெட்டது. செலவற்ற இச்சோதனையை யாம் செய்திருந்தால் மாணவர் பணம் மிஞ்சியிருக்கும்.

வேறு சில விரியலாக்கிகளில் இவ்வேலையைக் குழாய்க்குப் பதிலாக ரிஎல் 072 போன்ற சிறு கரிய சில்லொன்று செய்யும். குழாய்க்கு வேண்டுவது பல நூறு உவோற்று. சில்லுக்குப் போதுவது ஏறத்தாழ 15 உவோற்று. உயர்ந்த அழுத்தத்தைத் தாழ்த்திக் கொடுக்கும் தடையி கருகினாலும், அழுத்தத்தை நிலைநிறுத்தும் இருவாயி கெட்டாலும் சில்லுப் பட்டினி கிடக்கும், விளைவுவழி ஊமையாகும். இவையன்றி, செருகியை அடிக்கடி இழுத்துத் தள்ளுதலாற் குதையின் காலடியில் வைத்த ஈயம் வெடித்தலும், நேரோட்டத்தைத் தடுத்து அலையை மட்டும் கடத்தவேண்டிய கொள்ளளவி கசிந்து திருகியைத் திருகுந்தோறும் கரகர ஒலி எழுதலும் உண்டு. இவற்றைப் பெட்டியைத் திறந்து பல்மானி கொண்டு அளந்தே அறியலாகும்.

பழுது போலத் தோன்றுவன

எல்லாம் நன்றாயிருந்தும் ஒலி சிதைவதுண்டு. காரணம் அளவு ஒவ்வாமையாகலாம். ஒலிப்பதிவுக்கூடக் கருவிகளின் அளவு ஏறத்தாழ 1.23 உவோற்று, வீட்டுக் கருவிகளின் அளவு ஏறத்தாழ 0.316 உவோற்று. முன்னது பின்னதினும் நான்கு மடங்கினது. காலால் மிதித்து இயக்கும் சிறு விளைவுக்கருவிகளோ கிற்றாரின் மெல்லலைக்கென்றே அமைந்தவை. வலிய அலை தரும் விளைவுவழியில் இவற்றை இட்டால் அலை தாங்காது சிதையும். அளவு குறைக்கும் ஆளி விரியலாக்கியில் இருந்தால் அதனைத் தாழ்த்தி வைக்க.

சிலவற்றில் விளைவுவழி பக்கவழியாக அமைந்திருக்கும். மூல ஒலி உள்ளேயும் ஓடும். விளைவு ஒலி வெளியே சென்று மீண்டு அதனோடு கலக்கும். வெளியே சென்றது தலைகீழான அலையாக மீண்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து ஒலி உள்ளீடற்றதாகும். அங்கே கலப்புத் திருகியை முழுவதும் விளைவின் பக்கம் திருப்பிப் பார்க்க.

விளைவுக்கருவியை இணைத்தவுடன் ‘ம்ம்’ என்ற இரைச்சல் எழுமாயின், இரு கருவிகளும் தனித்தனியே புவித்தொடுப்புப் பெற்று வளையமொன்று உண்டாகியிருத்தல் கூடும். எம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை திசை மாறிமாறி அலைவது. அதன் சாயலே அவ்விரைச்சல். இரண்டையும் ஒரே பலகைக் குதையிலிருந்து இயக்கினாற் பெரும்பாலும் குறையும். குறையாதாயின் நடுவே ஒலிக்குரிய பிரிப்பு நிலைமாற்றி ஒன்றை இடலாம். இரைச்சலைப் போக்கவென்று செருகியின் புவித்தொடுப்புக் கம்பியை வெட்டிவிடுவார் உளர். அஃது இரைச்சலைப் போக்குதற்கு உயிரைப் பணயம் வைத்தலாகும். ஒருபோதும் செய்யற்க.

மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை

பின்புறப் பலகையைத் திறக்கும் ஆவல் இளையோர்க்கு இயல்பு. குழாய் விரியலாக்கியினுள்ளே 400 உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் உலவுவதுண்டு. வீட்டு மின்னினும் அது கொடியது. மின்வடத்தைக் கழற்றிய பின்னரும் பெரிய கொள்ளளவிகள் அவ்வழுத்தத்தைத் தம்முட் சேமித்து வைத்திருக்கும். அணைந்த அடுப்பென்று சாம்பலுட் கையிட்டுச் சுட்டுக்கொண்டார் கதையாக முடியும், சூட்டோடு நிற்பதுமன்று. ஆதலாற் பெட்டியைத் திறத்தலும், சேமித்த மின்னை முறைப்படி இறக்குதலும், உள்ளே அளத்தலும் பயின்ற தொழிலாளர்க்கே உரியன. மற்றுமொன்று: ஒலிபெருக்கியை இணைக்காமற் குழாய் விரியலாக்கியை ஓட்டுதல் ஆகாது. வெளியே வழியற்ற வலு உள்ளேயுள்ள நிலைமாற்றியிற் பேரழுத்தமாக எழுந்து அதனை எரித்தல் கூடும்.

எம் மன்றத்து விரியலாக்கியின் மீள்குதை துலக்கப்பட்டது. பரிசளிப்பு விழாவும் இனிது நடந்தேறியது. பழுதற்றவை என்று பின்னர்த் தெரியவந்த பழைய குழாய்கள் நான்கும் எம் மேசை இழுப்பறையில் இன்றும் உள. எழுத்துப்பிழையுள்ள கட்டுரையைக் கண்டவுடன் கோடிட்டு முழுவதையும் திரும்ப எழுதுக என்று கூற நாவெழும்போது, அவை எம் நினைவுக்கு வருகின்றன. பிழை எவ்வரியில் உளது என்று மாணவனோடு அமர்ந்து தேடத் தொடங்குகின்றோம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கடல் கடந்து வாழும் நீவிர் கல்லூரிக்குக் கருவிகளை அன்போடு அனுப்புகின்றீர். அவற்றோடு அவற்றின் சுற்றுப்படத்தையும் கையேட்டையும் அனுப்புவீராக. இயலுமாயின் ஊர் வரும்போது ஒரு பிற்பகலை மன்றத்து மாணவரோடு கழிப்பீராக. அன்று ஒரு சாண் வடத்தோடு வந்த அன்பர் எமக்களித்த அறிவு, இலண்டனிலிருந்து வந்த பெட்டியினும் குறைந்த கொடையன்று.